தட்டில் கொட்டிய பிஸ்கட்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் நான் வழக்கமாக மளிகை வாங்கும் கடைக்காரருக்கு, என்னைப் பார்த்தாலே இப்போது சிரிப்பு வந்துவிடுகிறது. பிஸ்கட் அடுக்கியிருக்கும் பக்கம் போய் நின்று, ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்துகளை மூக்கருகே கொண்டுவந்து படிப்பேன். படித்ததை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். பின்னால் ஆட்கள் நிற்பது தெரியும். ஆனாலும் கை நிற்காது.

"இன்னா சார், பிஸ்கட்டு வாங்குறீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகளுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

நான் சர்க்கரை ஆலையில் கரும்பு அலுவலராக வேலை பார்க்கிறேன். மூங்கில்துறைப்பட்டு, ரிஷிவந்தியம் பக்கத்து ஊர்களில் கரும்பு போட்டிருப்பவர்களைப் பார்ப்பது, வெட்டு உத்தரவு கொடுப்பது, வெட்டும் ஆட்களை ஒழுங்கு செய்வது, இதுதான் என் வேலை. இந்த வேலையில் பாதி, வீடு வீடாக உட்கார்ந்து டீ குடிப்பது. டீயோடு பிஸ்கட் வரும். எங்கள் பக்கத்தில் பாக்கெட்டை அப்படியே விருந்தாளி முன்னால் வைக்க மாட்டார்கள். அது மரியாதை இல்லை. உள்ளே வைத்துப் பல்லால் கடித்துப் பிரித்து, எவர்சில்வர் தட்டில் கொட்டி, பூப்போல வட்டமாக அடுக்கிக் கொண்டுவருவார்கள். கவர் அடுப்புக்கோ குப்பைக்கோ போய்விடும். மீந்த பிஸ்கட் மூடி போட்ட சம்படத்துக்குப் போகும். அந்தச் சம்படத்தில் போன வாரம் வேறு யாரோ வாங்கிவந்த வேறு பிஸ்கட்டும் கிடக்கும். கம்பெனிக்காரன் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் என்ன எச்சரிக்கை அச்சடித்தாலும், சாப்பிடுகிறவர் கண்ணுக்கு அது வந்து சேராது.

எனக்கும் இது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று களமருதூரிலிருந்து என் மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். இரண்டு மூன்று விதமாக பிஸ்கட் வாங்கி வந்தார். மனைவி வழக்கம்போல எல்லாவற்றையும் சம்படத்தில் கொட்டினாள். மதியச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தோம். மகள் அப்போது நான்காம் வகுப்பு. விளையாடிக்கொண்டிருந்தவள் உள்ளே ஓடிவந்து, கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். சிறிது நேரத்தில் கழுத்தைச் சொறிந்தபடி திரும்பி வந்தாள். வெயிலில் ஆடியதால் வேர்க்குரு என்றார் மச்சான். பவுடர் போடச் சொன்னார். மனைவி பவுடர் டப்பாவை எடுத்து வருவதற்குள் முதுகெல்லாம் பட்டை பட்டையாகத் தடித்துவிட்டது. உதடு வீங்கி, அவள் முகமே வேறு யாருடைய முகமோ போல் ஆகிவிட்டது. பிறகு இருமினாள். அந்த இருமலுக்குப் பின் அவள் மூச்சை இழுத்த சத்தம் இருக்கிறதே, அதை இங்கே எழுத முயன்று அடித்துவிட்டேன்.

மச்சான் காரை ஓட்டினார். நான் பின்சீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, பேசு பேசு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் பேசவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். என் கண் முன்னாலேயே மூச்சு சீராகி வந்தது. பிறகுதான் டாக்டர் அம்மா கேட்டார், என்ன சாப்பிட்டாள் என்று. பிஸ்கட் என்றோம். என்ன பிஸ்கட், அதில் என்ன சேர்ந்திருக்கிறது, கவர் எங்கே என்றார். கவர் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. மச்சான் எங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சம்படத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். வட்டமாக, சதுரமாக, க்ரீம் வைத்தது, வைக்காதது, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. "இதுல நான் இன்னா கண்டுபுடிக்கிறதுங்க" என்று மூடியைப் போட்டுவிட்டார்.

பின்னால் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போய்ப் பரிசோதனை செய்தபோதுதான் முந்திரி என்று தெரிந்தது. அதைக் கேட்டதும் மனைவி சொன்னாள், பொங்கலில் கிடக்கும் முந்திரியை இவள் எப்போதும் பொறுக்கி இலையோரத்தில் ஒதுக்கிவைப்பாளே என்று. ஆமாம், ஒதுக்கிவைப்பாள். அதை எடுத்துச் சாப்பிட மச்சான் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். வாய் அரிக்கிறது என்று அவள் சொல்லியும் இருக்கிறாள். ஆனால் பிஸ்கட்டில் முந்திரியை அரைத்துச் சேர்த்திருந்தால் எந்தப் பிள்ளை பொறுக்கி எடுக்க முடியும்?

இன்னும் ஆஸ்பத்திரிக் கதையே முடியவில்லை. அவளை இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையிலிருந்து சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ரொட்டி, ஆரஞ்சுப்பழம், பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட் சாப்பிட்டுப் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்க்க, எல்லோரும் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. நோயாளியைப் பார்க்கப் போனால் அதுதான் வாங்க வேண்டும் என்று கை பழகியிருக்கிறது. கட்டில் தலைமாட்டில் பாக்கெட்டுகள் குவிந்தன. பக்கத்துக் கட்டில் ஆள் எங்களைப் பார்த்து, கடை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டான்.

என் அக்கா வந்து மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே ஒரு பாக்கெட்டைப் பல்லால் பிரித்து, ஒன்றை எடுத்து, ஒண்ணே ஒண்ணு தின்னு கண்ணு, தெம்பா இருக்கும் என்று அவள் வாயருகே கொண்டுபோனாள். நான் மாத்திரை வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அக்கா கையைத் தட்டிவிட்டேன். பிஸ்கட் தரையில் விழுந்து உடைந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"சக்கர ஆலையில வேல பாத்துக்கினு பிஸ்கட்டுக்கு இப்டிப் பயப்படுறியேடா" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். பாக்கெட்டின் பின்பக்கம், போனில் வரும் கட்டுரைகள், கிடைத்ததையெல்லாம். படிக்கப் படிக்க எல்லாமே பயமாக இருந்தது. முதலில் மைதா. அடுத்தது சர்க்கரை. அது தன் பெயரில் ஒருமுறையும், பாகு என்று வேறு பெயரில் இன்னொருமுறையும் வரும். பிறகு பாமாயில். நார்ச்சத்து பேருக்கும் இல்லை. உப்பு, நாம் நினைப்பதைவிட ஜாஸ்தி. அப்புறம் எண்கள், ஒவ்வொரு எண்ணும் ஒரு பொருளாம். கரும்பு நசுங்கிச் சர்க்கரையாவதைத் தினமும் பார்க்கிறவன் நான். அந்த மூட்டைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று அதுவரை யோசித்ததில்லை. களத்தில் டீக்கு டீ நான் தின்ற பிஸ்கட்டுகள் நினைவுக்கு வந்தன. போய் ரத்தத்தைச் சோதித்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். வீட்டில் பிஸ்கட்டையே ஒழித்தேன். பிறகு கடையில் விற்கும் மிக்சர், கேக், ஐஸ்க்ரீம், ஜாம் என்று ஒவ்வொன்றாக ஒழித்தேன்.

அடுத்த முறை டாக்டர் அம்மாவைப் பார்த்தபோது என் கேள்விகளையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் இரண்டு பயத்தை ஒன்றாகக் கலந்துவைத்திருக்கிறேன் என்றார். மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் தினம் தினம் அளவில்லாமல் சாப்பிட்டால் யாருக்கும் கெடுதல்தான். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் மெதுவாக வரும், குறைத்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு முந்திரி அப்படியில்லை. துளி போதும், நிமிடங்கள் போதும். அவளை முந்திரியிலிருந்தும் அதே இனத்துப் பிஸ்தாவிலிருந்தும் காப்பாற்றுங்கள், மற்றதற்கெல்லாம் நடுங்கினால் இதற்குக் கவனம் இருக்காது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை அரிப்புக்குத்தான், மூச்சு இறுகினால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே ஊசிக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

அவர் சொன்னது புரிந்தது. ஆனால் புரிந்ததால் பயம் அடங்கவில்லை. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு முதலில் தோன்றுவது, இங்கிருந்து அந்த ஊசி எவ்வளவு தூரம் என்பதுதான். பள்ளியில் போய்ச் சொன்னேன். பிறந்தநாள் என்று எந்தப் பிள்ளை எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். சொன்னதையே மறுபடி சொன்னேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்த்தும் சொன்னேன்.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது. மறுப்பது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நீட்டியதைச் சாப்பிட மறுத்தால், அது வயிறு நிறைந்ததால் மட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. காலனி வீட்டிலோ, மலையிலிருந்து வெட்டுக்கு வந்தவர்கள் கொட்டகையிலோ மறுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆபீசர் தண்ணீர் குடிக்கிறாரா, தட்டில் கை வைக்கிறாரா என்று வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் எந்தத் தட்டையும் மறுத்ததில்லை. ஒன்றாவது எடுத்து, அவர்கள் பார்க்க வாயில் போட்டுவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டும் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அம்மா பாப்பா வந்திருக்கிறாள் என்று அவசரமாகக் கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்து, தட்டில் அடுக்கி நீட்டினார். நான் தட்டைக் கையால் மறித்து, அவளுக்கு வேண்டாம் என்றேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் சாக்கு என்றுதான் நினைப்பார்கள் என்று தோன்றியது. அவர் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பரவால்ல சார், பழக்கமில்ல போலக்குது" என்றார். முகம் மட்டும் மூடிக்கொண்டது. வண்டியில் திரும்பும்போது மகள் கேட்டாள், அவங்க ஏம்ப்பா கோச்சிக்கினாங்க என்று. நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

இந்த நிலையில்தான் மேஸ்திரி கூப்பிட்டார். கல்வராயன் மலையிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஒவ்வொரு பருவமும் எங்கள் பக்கம் வெட்டுக்கு இறங்கி வருகிறவர். பல வருஷப் பழக்கம். புதிதாக வீடு கட்டியிருப்பதாகவும் பால் காய்ச்சப்போவதாகவும் சொல்லி, வீட்டு அம்மாவையும் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு கட்டாயம் வர வேண்டும் என்றார். பாக்கலாம் என்றேன். பாக்கலாம்னா வர மாட்டீங்கன்னு அர்த்தம் சார் என்று சிரித்தார்.

நான் மட்டும் போய் வருகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். மலைமேல் எங்கே போய் ஊசியைத் தேடுவது? அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இப்டியே பூட்டி வெச்சிக்கினே இருந்தா, நாளைக்கி அவ காலேஜுக்குப் போவ வேணாமா? அப்பவும் கூடவே போய்த் தட்டை மறிப்பீங்களா?" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மூவரும் காரில் போனோம். கச்சிராயப்பாளையம் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் என் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. வளைவுக்கு வளைவு, இறங்குவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று மனம் கணக்குப் போட்டது. மேலே போனதும் முதல் வேலையாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் காரை நிறுத்தி, நர்ஸைப் பார்த்து ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குது சார், இன்னா கேஸு, எங்க பேஷண்ட்டு?" என்று அவர் பரபரப்பாக எழுந்தார். பேஷண்ட் காரில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மேஸ்திரி வீடு ஊரின் கடைசியில் இருந்தது. சுண்ணாம்பு வாசனை போகவில்லை. வாசலில் மாவிலை. பால் பொங்கி முடிந்திருந்தது. எங்களுக்கென்று பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்ததும் எல்லோருடைய பேச்சும் கொஞ்சம் தணிந்தது.

மேஸ்திரியின் மனைவி தட்டோடு வந்தார். பளபளவென்று புதுத் தட்டு. அதில் இரண்டு தினுசு பிஸ்கட்டுகள், சுற்றிலும் ஒன்று, நடுவில் ஒன்று, அழகாக அடுக்கியிருந்தார். "பாப்பாவுக்குன்னே கள்ளக்குறிச்சியிலேர்ந்து வாங்கினு வந்தேன் சார், வெல ஜாஸ்தி பிஸ்கட்டு" என்றார் மேஸ்திரி. தட்டு என் மகளுக்கு முன்னால் வந்து நின்றது.

பார்த்தால் எதுவும் தெரியவில்லை. சாதாரண பிஸ்கட் நிறம்தான். அன்று சம்படத்தில் கிடந்ததும் இதே நிறம்தான். "இல்லைங்க, இப்பதான் சாப்ட்டுட்டு வந்தோம்" என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வரும்போதே தெரிந்தது, இந்த மலையில் உள்ளவர்கள் காலங்காலமாகக் கேட்டுச் சலித்த வாக்கியம் அது என்று. பாயில் உட்கார்ந்திருந்த ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டார். மேஸ்திரியின் சிரிப்பு முகத்தில் இருந்தது, கண்ணில் இல்லை. தட்டைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

அப்போது மகள் கேட்டாள். "இதோட கவர் எங்கங்க அத்த?"

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. மகள் அவரைப் பார்த்தே சொன்னாள், "எனக்கு முந்திரி சாப்ட்டா மூச்சு வராது. ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க. அதான் அப்பா பயப்படுறாரு. கவர்ல போட்டுருக்கும். படிச்சிட்டு, முந்திரி இல்லன்னா சாப்புடுறேன்."

மேஸ்திரியின் மனைவி தட்டைத் தரையில் வைத்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "இத மொதல்ல சொல்றதுக்கு இன்னாம்மா? நாங்க வேற எதையோ நெனச்சிக்கினோம்" என்றார்.

அந்த வேறு எது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். என் மனைவி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கவரைத் தேடினார்கள். பால் காய்ச்ச அடுப்பு மூட்டும்போது அதைத்தான் சேர்த்துக் கொளுத்தினோம் என்று ஒரு பெண் உள்ளேயிருந்து சொன்னாள். மகள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இது வேணாம். வேற இன்னா இருக்கு?" என்றாள். பாயில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தலையைத் திருப்பிக்கொண்டவரும்.

சாமையில் வெல்லம் போட்டுப் பொங்கியிருந்தார்கள். அதில் முந்திரி இருக்கிறதா என்று அதையும் அவளே கேட்டாள். பாலும் வெல்லமும் சாமையும் ஏலக்காயும் மட்டும்தான் என்றார் அந்த அம்மா. கரண்டி வேறு எதிலாவது பட்டதா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. மனைவி என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. மேஸ்திரி அந்தத் தட்டை எடுத்துப்போய் வாசலில் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். மகள் பொங்கல் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். ருசி நினைவில்லை. அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டதும் அந்த வீட்டுச் சின்னப் பெண் ஓடிவந்து, விளையாட வா என்று என் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் விரலெல்லாம் பிஸ்கட் தூள். நான் எழுந்துவிட்டேன். மகள் அதற்குள் அவளைக் குடத்தடிக்கு இழுத்துப் போய், இரண்டு பேரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நின்றவன் என்ன செய்வதென்று தெரியாமல், புதுச் சுவரைத் தொட்டுப் பார்த்து, நல்லா கட்டியிருக்கீங்க என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

இறங்கும்போது கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கழுத்து சிவந்திருக்கிறதா, இருமினாளா, தூங்குகிறாளா, மயங்குகிறாளா? ஒரு வளைவில் எதிரே பேருந்து வந்து ஒதுங்கியது. "அப்பா, என்னப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், தட்டின் நடுவில் இருந்த பிஸ்கட்டின் பெயரைக் கேட்டு வைத்திருப்பதாகவும், கடையில் பார்க்கலாம் என்றும் சொன்னாள்.

கள்ளக்குறிச்சி வந்ததும் அதே கடைக்குப் போனோம். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதற்குள் அவள் பாக்கெட்டை எடுத்துத் திருப்பி, விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள். விரல் ஓரிடத்தில் நின்றது. என்னிடம் நீட்டினாள். மைதா, சர்க்கரை, பாமாயில் எல்லாம் தாண்டி நான்காவதாக அது இருந்தது. நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவள் வாங்கி, எடுத்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டு, பொரி உருண்டை வேண்டும் என்றாள்.

"பரீட்ச முடிஞ்சிதா சார்?" என்றார் கடைக்காரர்.

அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ரிஷிவந்தியம் பக்கம் அந்த அம்மா வீட்டுக்கும் போனேன். மகளை அழைத்துக்கொண்டுதான். மறுபடியும் தட்டு வந்தது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மகள் கவரைக் கேட்பதற்காகக் காத்திருந்தேன்.